கதவு வைக்காத பக்கம்

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. வரிசை மாறினால் எதிர்க்கட்சி வக்கீல் அந்தச் சந்தில் நுழைந்துவிடுவான். இந்த கேட்டுக்கு எதிரே நின்று நோட்டீஸ் வாசித்தே கிழவனானவன் நான். வரிசை எனக்கு மனப்பாடம்.

முதலாவது: எதிரே தெரிகிறதே இந்தத் தோல் ஷாப், தோல் பதனிடுகிற கம்பெனி, இதன் பேரை நான் சொல்ல வேண்டாம், போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறான், படித்துக்கொள்ளுங்கள். இதில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆள் அட்டை கிடையாது. உள்ளே போனால் தொழிலாளி, வெளியே வந்தால் யாரோ எவரோ.

இரண்டாவது: அட்டை கேட்டவர்களை வெளியே தள்ளினான். தள்ளப்பட்டவர்களில் முதல் ஆள் நான்.

மூன்றாவது: போன கோடையில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. தாமோதரனையும் ஜெயசீலனையும் கயிறு இல்லாமல், முகமூடி இல்லாமல் இறங்கச் சொன்னான். இறங்கினார்கள். ஏறவில்லை.

நான்காவது: இரண்டு பேரும் குடித்துவிட்டுத் தவறி விழுந்தார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். தாமோதரன் குடிப்பான், அதை நான் மறைக்க மாட்டேன். ஜெயசீலன் சபைக்குப் போகிற ஆள். சோடா குடித்தால்கூட கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடிப்பான்.

ஐந்தாவது... ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். உங்கள் சட்டையில் டீ சிந்திவிட்டதா? மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு உதவி செய்யுங்கள், பெஞ்சில் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அப்படித்தான். நல்ல வாட்டசாட்டமான உடம்பு உங்களுக்கு. கேட்டிலிருந்து பார்த்தால் இப்போது நான் தெரிய மாட்டேன்.

நாமக்கல் லாரியா? கெமிக்கல் பேரல்தானே? ஷிஃப்ட் விட்ட பிறகுதான் இறக்குவான். ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. இறக்கியதும் நேரே ஊருக்கா? வழியில் எங்கும் நிற்காமலா? கேபினில் இடம் இருக்குமே... சும்மா கேட்டேன். இந்தப் பையா? இதில் ஒன்றுமில்லை. ஒரு வேட்டி, ஒரு துண்டு, பிரஷர் மாத்திரை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். நோட்டீஸ் படித்துப் படித்துத்தான் ஆளானேன். நோட்டீசுக்கு ஒரு இலக்கணம் உண்டு தம்பி. தேதி இருக்க வேண்டும். யார் சொல்கிறார்கள் என்று இருக்க வேண்டும். கீழே, வெளியிடுபவர் யார் என்று இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது மொட்டைக் கடுதாசி. மொட்டைக் கடுதாசி போடுகிறவன் மனிதனா? இருட்டில் கல் எறிகிறவன். எங்கள் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது சாட்சி சொன்னால், பெயர், ஊர் எல்லாம் சேர்த்து, இந்த கேட்டில் சத்தமாக வாசிப்போம். ஊரறிந்த ஆள்மேல் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பான், அதற்காக.

வெளியிடுபவர் பெயராக முன்பெல்லாம் என் பெயரைத்தான் போடுவேன். ஒருமுறை மானநஷ்ட வழக்கு போட்டான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அதோ அந்தப் பாலத்துக்குக் கீழே நாலு பேர் என்னை வழிமறித்து... அது வேறு கதை. இடது கை இதற்கு மேல் தூக்க வராது, பாருங்கள். அதற்குப் பிறகு ‘நிர்வாகக் குழு’ என்று போடுகிறேன். அதுவும் முறைதான். குழு என்றால் குழுதான். இப்போது குழுவில் நான் மட்டும்தான் மிச்சம், மற்றவர்கள் செத்தவர் பாதி, மகன் வீட்டுக்குப் போனவர் பாதி. அதற்காகக் குழு இல்லை என்று ஆகிவிடுமா?

அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதனால் வெப்சைட் ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். நானே கற்றுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு எதிரே நஸீர் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து, பழைய நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினேன். ஒரு நோட்டீசுக்கு ஒரு பக்கம். சாட்சி சொன்னவர் பெயரும் ஊரும்தான் அந்தப் பக்கத்தின் முகவரி. அதுதானே எங்கள் வழக்கம்? கேட்டில் வாசித்த மாதிரியே இணையத்திலும் வைத்தேன்.

வைத்து என்ன? ஒருவனும் வரவில்லை. செல்போனில் இந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், இப்போதே தேடிப் பாருங்கள். முதலில் கம்பெனி சைட் வரும். பச்சைப் பசேல் என்று மரம். கையுறை போட்ட பெண்கள் சிரிப்பார்கள். அந்தக் கையுறையைப் போட்டோ எடுத்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், தெரியுமா? சுற்றுச்சூழல் விருது வாங்குகிற படம் வேறு. அப்புறம் செருப்பு, பெல்ட், பர்ஸ். தாமோதரன் எங்கே? ஜெயசீலன் எங்கே? பத்துப் பக்கம் தள்ளினாலும் இல்லை. இரண்டு பேரை விழுங்கிய தொட்டி ஒன்று இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, உலகத்துக்குத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது தம்பி.

நஸீர் பாயைக் கேட்டேன். “பாய், நம்ம சைட் ஏன் வரவில்லை? கம்பெனி காசு கொடுத்து மறைக்கிறானா?”

அவர் யாருக்கோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னார். “யாரும் மறைக்கல தோழர். தேடுற மெஷினுக்கு உங்க சைட்டே தெரியாது. அது ஊருக்குப் புதுசா வந்த டிரைவர் மாதிரி. எந்தத் தெருவுல எந்த வீடுன்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பேரு சைட்மேப்.”

உங்களுக்கு இது உடனே புரியும், லாரிக்காரர். லோடு இறக்க வேண்டிய முகவரி இல்லாமல் வண்டி எங்கே போகும்?

“எழுதிக் கொடுப்போம்” என்றேன்.

“பல தினுசு இருக்கு. ஜனங்க பாக்கறதுக்குன்னு ஒரு பக்கம் வைக்கலாம், அது வேற. மெஷினுக்குன்னா, ஒண்ணு, வெறும் டெக்ஸ்ட் ஃபைல். வரிக்கு ஒரு முகவரி, அவ்ளோதான். நீங்களே தட்டலாம். இன்னொண்ணு ஆர்எஸ்எஸ்னு ஒரு ஃபைல், அது புதுசா போட்டத மட்டும் சொல்லும், உங்க பழைய நோட்டீஸ் எல்லாம் அதுக்குத் தெரியாது. அப்புறம் எக்ஸ்எம்எல். முகவரியும் சொல்லும், எந்தத் தேதியில மாத்தினோம்னும் சொல்லும். உங்க சைட்லயே ஒரு பட்டன் இருக்கு, போட்டா தானா எழுதிக்கும்.” ஜெராக்சை மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். “உங்களுக்கு டெக்ஸ்டே போதும்.”

உங்களுக்கு இதுவே போதும்! தம்பி, அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்து, உங்களுக்கு இது போதும் என்றான். தொட்டியில் இறங்கினவனுக்குக் கைக்குட்டையைக் கட்டிக்கொள், உனக்கு இது போதும் என்றான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“கம்பெனிக்காரன் எது வைத்திருக்கிறான், பாருங்கள்” என்றேன்.

பார்த்தார். “எக்ஸ்எம்எல்.”

“அவனுக்கு எக்ஸ்எம்எல், நமக்கு டெக்ஸ்டா? அவன் ஏ.சி. பெட்டி, நாம் அன்ரிசர்வ்டா? தேதி போடாத நோட்டீஸ் நோட்டீசா பாய்? நமக்கும் எக்ஸ்எம்எல்தான். பட்டனைப் போடுங்கள்.”

“தோழர், இதுல ஏ.சி. ஏது, அன்ரிசர்வ்டு ஏது? ரெண்டையும் மெஷின் படிக்கும். டெக்ஸ்ட்னா நீங்க எழுதினது மட்டும் இருக்கும். இதுன்னா இருக்கறதெல்லாம் வந்துடும்.”

“வரட்டும். மறைக்கிறதுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு காலேஜ் பெண் கைதட்டக்கூடச் செய்தது. நஸீர் பாய் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டார்.

அந்த பட்டன்தான் தம்பி.

பொறுங்கள். அந்த மோட்டார் சைக்கிள் ஏன் அங்கே நிற்கிறது? ஹெல்மெட் போட்டவன். இந்தப் பக்கம் பார்க்கிறானா? ஓ, பெட்டிக்கடைக்கு வந்தவனா. சரி. நீங்கள் திரும்பிப் பார்க்காதீர்கள். இரண்டு நாளாக ஹெல்மெட்டைக் கண்டால் எனக்கு மூத்திரம் முட்டுகிறது.

ஐந்தாவதுக்கு வருகிறேன்.

இந்தத் தோல் ஷாப்பில் உப்பு பெருக்குகிற வேலை அமுலுவுக்கு. தோலில் இருந்து உதிரும் உப்பு. குனிந்த தலை நிமிராத வேலை. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். அன்றைக்கு அவள் அங்கேதான் இருந்தாள். மேனேஜர் துளசிராமன் ‘எறங்குங்கடா, நாத்தத்துக்குச் செத்தா போயிடுவீங்க’ என்று சொன்னதைக் கேட்டாள். ஜெயசீலன் கயிறு கேட்டதைக் கேட்டாள். அவர்கள் குடித்திருக்கவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் சாட்சி. ஜெயசீலனின் பெண்டாட்டி காலில் விழுந்து கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“தோழர், வக்கீலுக்கு மட்டும்தான். கேட்டாண்ட படிக்கக் கூடாது. என் பேரு வெளிய வந்துச்சின்னா அடுத்த நாளு நான் வேலைல இருக்க மாட்டேன். வேலைல இருக்க மாட்டேன்னு மட்டும் இல்ல, எங்கயுமே இருக்க மாட்டேன். கோர்ட்டுல கூப்புட்டா வந்து சொல்றேன். அதுவரிக்கும் பொத்தி வையி.”

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

வக்கீல் சென்னையில் இருக்கிறார். தட்டச்சு பண்ணி அனுப்புங்கள் என்றார். ஈமெயிலில் கோப்பை ஒட்டி அனுப்புவது எனக்குக் கைவராது. பக்கம் கட்டுவது கைவரும். அதனால் அவள் சொன்னதை வைத்து ஒரு பக்கம் கட்டினேன். ஆனால் சைட்டில் எங்கிருந்தும் அதற்கு வழி வைக்கவில்லை. கதவு வைக்காத அறை மாதிரி. முகவரியை வக்கீலுக்கு மட்டும் போனில் சொன்னேன். எழுத்தெழுத்தாக. முகவரி என்றால், வழக்கப்படி, அவள் பெயரும் ஊரும். வேறு எப்படி வைப்பது? வெளியிடுபவர் நிர்வாகக் குழு.

கதவே இல்லாத அறைக்குள் யார் போக முடியும், சொல்லுங்கள்? யார் எதிர்பார்ப்பார்கள்? அந்த பட்டன், சைட்டில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிவிட்டது. வழி வைத்தது, வைக்காதது என்றெல்லாம் அது பார்க்கவில்லை. இருக்கிறதா, எழுது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அமுலுவின் பக்கத்தைத்தான் நான் கடைசியாகத் திருத்தியிருந்தேன். ஆகவே எல்லாவற்றிலும் புதிய தேதி அவளுடையது. நஸீர் பாய் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னால் அது சொன்னதாகுமா?

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. நானும் தினமும் போய்த் தேடுவேன். மரம், கையுறை, விருது. ஒரு காலை, கம்பெனி பெயரைப் போட்டதும், மரத்துக்கு அடியிலேயே நம் சைட்! கத்திவிட்டேன். “பாய்! வந்துவிட்டோம்! ஏ.சி. பெட்டியில் ஏறிவிட்டோம்!” அவருக்கும் சந்தோஷம், பக்கத்து பேக்கரியில் சொல்லி டீ வரவழைத்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வரியைப் படித்தேன்.

அமுலு. அவள் ஊர். கீழே சின்ன எழுத்தில், ‘மேனேஜர் துளசிராமன் எறங்குங்கடா என்று சொன்னதை நான்...’ அத்தோடு மூன்று புள்ளி.

தம்பி, பாலத்துக்குக் கீழே என்னை அடித்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு ஜில்லிடவில்லை.

பக்கத்தை அந்த நிமிஷமே அழித்தேன். அழித்த பிறகும் தேடினால் அந்த வரி நிற்கிறது. செத்தவன் படம் சுவரில் நிற்கிற மாதிரி. “மெஷினோட நெனப்புல இருக்கு தோழர்” என்றார் நஸீர் பாய். “எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். எடுத்துடும், ஆனா உடனே இல்ல. ரகசியம்னா பூட்டுப் போட்டிருக்கணும், இல்ல சைட்ல ஏத்தாமயே இருந்திருக்கணும். இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே.”

அன்றைக்குச் சாயங்காலம் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். துளசிராமன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். என்னோடு பேசியே பல வருஷம் ஆகிறது. சிரித்த முகம். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தோழரே, உங்க வெப்சைட் ரொம்ப நல்லா இருக்கு. தேதி எல்லாம் போட்டு, நீட்டா. எங்க ஐ.டி. பசங்களே அசந்துட்டானுங்க. அடிக்கடி எழுதுங்க. நாங்க டெய்லி பாக்கறோம்.”

டீக்காரரிடம் என் டீயையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு மிரட்டல் இல்லை.

அமுலுவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்? அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீணாகப் பயப்படுவாள். இது என் தலைக்குள்ளேயே இருக்கட்டும், அந்த வரி அழிந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் நன்மைக்குத்தான். நம்ப மாட்டீர்களா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவளே வந்தாள். முந்தாநாள். உப்புக் கை, தலையில் கட்டின துண்டுகூட அவிழ்க்கவில்லை. வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

“தோழர், ரெண்டு பேரு ஹெல்மெட்டு போட்டுகினு வந்தானுங்க. ‘தொட்டிகிட்ட பாத்த அமுலு வூடு எது’ன்னு தெருவெல்லாம் கேட்டானுங்க. பக்கத்து வூட்டு மேரி, ‘அவ ஊருல இல்ல’ன்னு சொல்லி அனுப்பிச்சா. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். தொட்டிகிட்ட நான் பாத்தது உனுக்கும் வக்கீலுக்கும் ஜெயசீலன் பொண்டாட்டிக்கும்தான் தெரியும். யாரு சொன்னது?”

நான் விளக்கினேன். மெஷின், பட்டன், கம்பெனிக்காரன் வைத்திருக்கிற எக்ஸ்எம்எல், வர்க்க வேறுபாடு, எல்லாவற்றையும் ஆதியிலிருந்து விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே கேள்வி கேட்டாள்.

“அந்த பட்டனப் போடச் சொன்னது யாரு?”

“அமுலு, விஷயம் அது இல்லை...”

“சரி வுடு. அந்தப் பக்கத்துல என் பேரு இருந்துச்சி. வேற யாரு பேரு இருந்துச்சி?”

“நிர்வாகக் குழு.”

“குழுன்னா யாரு?”

“உள்ளே வந்து உட்காரேன், அமுலு” என்றேன்.

“வூட்டாண்ட வந்தவனுங்க குழு எங்கன்னு கேக்கல தோழர். அமுலு எங்கன்னு கேட்டானுங்க.”



அவள் ஆந்திராவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகச் சொல்லியும் பார்த்தேன். பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவள் தலைத் துண்டை அவிழ்த்து உதறினாள். வாசல் எல்லாம் உப்பு.

“அரைகுறையா வெளிய வந்த பேருதான் ஆபத்து. அவனுங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நாளைக்கு நான் காணாமப் போனா ‘ஆந்திராவுக்குப் போயிட்டா’ன்னுவாங்க, அதோட முடிஞ்சிது. நீதான சொல்லுவ, ஊரறிஞ்ச ஆளுமேல கை வைக்க மாட்டான்னு? வெள்ளிக்கெழம ஷிஃப்டு வுடும்போது கேட்டாண்ட படி. மொத்தத்தையும் படி. எல்லாரும் கேக்கணும். நான் பக்கத்துல நிக்கறேன். என் பேரும் படி, உம்பேரும் படி. குழு கிழுன்னு படிச்ச, அங்கயே துண்டால அடிப்பேன்.”

அடிக்கவும் செய்வாள்.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

என்ன கேட்டீர்கள்? பயமா? எனக்கா? எத்தனை முறை உள்ளே போய் வந்தவன் நான், தெரியுமா? ஜெயில் சோற்றை ருசி பார்த்துத்தான்... ஆமாம். பயம்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த மெஷினுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தபோது பயம் வரவில்லை. உலகமே படிக்கட்டும் என்றேன். உலகத்துக்கு முகம் இல்லை, அதனால்தானோ என்னவோ. இந்த ரோட்டைத் தாண்டி, எனக்குத் தெரிந்த முகங்களுக்கு எதிரே, துளசிராமன் பார்த்துக்கொண்டிருக்க என் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் நாக்கு உள்ளே இழுக்கிறது. பாலத்தைத் தாண்டித்தான் தம்பி என் வீடு. தினமும் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால்தான் கேட்டேன், கேபினில் இடம் இருக்குமா என்று. ஒரு வாரம். ஊரில் சூடு தணிகிற வரைக்கும். குழுவில் ஒருவராவது மிஞ்ச வேண்டாமா? நானும் போய்விட்டால் சங்கம் யார் கையில்? அவளிடம் நான்கு நல்ல வார்த்தை சொல்லிப் புரியவைத்துவிட்டு... அவள் இன்னும் வெளியே வரவில்லை. உள்ளேயே ஏதாவது பண்ணிவிட்டார்களோ? காலையில் வேலைக்குப் போனவள். போகாதே என்றேன், போகாவிட்டால் பயந்துட்டாள்னு நினைப்பானுங்க என்று போனாள். தொட்டி பக்கம்தான் அவளுக்கு வேலை. ஐயோ, தொட்டி பக்கம்தான் தம்பி.

சங்கு.

ஊதிவிட்டான். கேட்டைத் திறக்கிறார்கள். நீங்கள் உயரம், பாருங்கள், தலையில் சிவப்புத் துண்டு கட்டின பொம்பளை யாராவது... கறுப்பாக, ஒல்லியாக... வருகிறதா? அந்தக் கும்பலில்? இல்லையா? அடுத்த கும்பலில்? செக்யூரிட்டி பக்கத்தில் துளசிராமன் நிற்கிறாரே, செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. படம் எடுக்கிறார். உட்காருங்கள், உட்காருங்கள், என்னை மறைத்து...

வந்துவிட்டாள்.

நேரே இங்கேதான் வருகிறாள். வண்டி வருவதைக்கூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டுகிறாள்.

“என்னா தோழர், பையி? எங்கனா ஊருக்கா?”

இல்லை அமுலு, இது... இந்தத் தம்பியின் பை. லாரிக்காரர். தம்பி, உங்கள் பையைப் பிடியுங்கள். பிடியுங்கள் என்கிறேன். ஐயோ, மாத்திரை கீழே விழுந்துவிட்டதே.

“லாரிக்காரர் பிரஷர் மாத்திர போடறாரா? டாக்டர் சீட்டுல உன் பேருதான் இருக்கும். ஏந்திரி. ஜனங்க போயிடப் போறாங்க.”

எழுந்திருக்கிறேன். கொஞ்சம் பிடி. இடது கை வேண்டாம், இந்தக் கையைப் பிடி.

தம்பி, நீங்களும் வாருங்கள். அப்படியே என் பின்னால் நில்லுங்கள். வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் வெளியூர், யாருக்கும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை. நாளைக்கு ஒன்று என்றால், கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையையும் பேரலையும் விட்டுவிட்டு வாருங்கள். கொஞ்ச நேரம்தான்.

தோழர்களே! நில்லுங்கள்! மேரி, நில்லும்மா. செல்லக்கண்ணு, பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் உண்டு. கொஞ்சம் கிட்டே வாருங்கள். இன்னும் கிட்டே. எனக்குச் சத்தம் வரவில்லை.

முதலாவது: நம்மில் பாதிப் பேருக்கு ஆள் அட்டை இல்லை. இரண்டாவது: கேட்டவர்களை வேலையை விட்டுத் தள்ளினார்கள். மூன்றாவது: தாமோதரனையும் ஜெயசீலனையும் கயிறில்லாமல் தொட்டியில் இறக்கினார்கள். நான்காவது: அவர்கள் குடித்திருந்தார்கள் என்று பொய் எழுதினார்கள். இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அவள் உங்களோடு இந்த கேட்டைத் தாண்டி வந்தவள்தான்.

ஐந்தாவது...

“படி தோழர்.”

ஐந்தாவது: அந்தச் சாட்சி, தன் பெயரை வெளியே விடாதே என்று கேட்டுக்கொண்டாள். அவளைக் கேட்காமல் அது வெளியே விடப்பட்டது. இப்போது ஹெல்மெட் போட்டவர்கள் அவள் தெருவில் விசாரிக்கிறார்கள்.

சொல்பவர்: அமுலு, உப்புக் கொட்டாயில் வேலை, காலனித் தெரு. இதோ நிற்கிறாள், கையைத் தூக்கியிருக்கிறாள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இவளுக்கு ஒன்று நேர்ந்தால் நீங்கள் அத்தனை பேரும் சாட்சி.

வெளியிடுபவர்...

தம்பி, தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், இருக்கட்டும். துளசிராமன் கிட்டே வருகிறான், பரவாயில்லை, நன்றாகப் படம் பிடித்துக்கொள்ளட்டும். அமுலு, துண்டைக் கீழே போடு, சொல்கிறேன்.

வெளியிடுபவர், ஐந்தாவதுக்குக் காரணமானவர், இரண்டும் ஒரே ஆள்: பெருமாள் மகன் முனிரத்தினம், பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுத் தெரு. முனிரத்தினம்.